பத்தாங் பெர்ஜுந்தாய் வரைபட வகுப்பு: ஒரு மதிப்பீடு

எங்கள் ஊரின் பழைய கடைவரிசையில், மளிகைக் கடைக்கு மேலுள்ள மாடியில், சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் ‘புவியியல் வழியாகச் சுற்றுச்சூழல் நீதி’ என்னும் வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. அரசாங்கப் பதிவேடுகளில் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும், வகுப்பின் அறிவிப்பு பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்தது. கட்டணம் 150 ரிங்கிட். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் பாதி. குப்பை, ஆலைக்கழிவு, நச்சுப்புகை போன்ற கேடுகள் ஏன் சிலருடைய வாசலையே தேடிப் போய்ச் சேருகின்றன என்பதை நிலவரைபடத்தின் துணையோடு ஆராய்வதுதான் பாடம். இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்பதால் சற்றுக் கறாரான கண்ணோடுதான் போய் உட்கார்ந்தேன். கொடுத்த காசுக்குக் குறைவில்லாத வகுப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அளப்பதை மிக நன்றாகச் சொல்லித்தரும் இந்த வகுப்பு, அளந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வியை வெளிநாட்டிலிருந்து அப்படியே இறக்குமதி செய்துகொண்டது. என் குறைகளில் பெரியது அதுதான்.

இந்தப் பாடத்துக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் குறைவு. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள், இப்போது செம்பனை. இடையிடையே வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. ஊரையொட்டிச் சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. கோலாலம்பூரையும் அதைச் சுற்றிய நகரங்களையும் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதை எடுத்துச் சுத்திகரிக்கும் நிலையங்களும் பக்கத்தில்தான் இருக்கின்றன. வடக்கே, செம்பனைக்கு நடுவில் 2005 முதல் இயங்கும் புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்குக் கோலாலம்பூரின் குப்பை வந்து சேருகிறது. தெற்கே, அதே போலச் செம்பனைக்கு நடுவில் 2007 முதல் இயங்கும் ஜெராம் குப்பை நிலத்துக்குப் பள்ளத்தாக்கின் மற்ற நகரங்களிலிருந்து குப்பை வருகிறது. தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து நகரத்துக்குப் போகிறது, குப்பை நகரத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வருகிறது. முதல் நாள் கொடுத்த தாளில் இதை எதிரெதிரான அம்புக்குறிகளாகப் போட்டிருந்தார்கள். விளக்கம் ஒரு வரி கூட இல்லை, தேவைப்படவும் இல்லை.

கற்பிப்பவர்கள் இருவர். ஒருவர் புவியியலில் முதுகலை முடித்த இளைஞர், கணினியும் வரலாறும் அவர் பொறுப்பு. மற்றவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பேச்சு குறைவு, கையில் பென்சில் எப்போதும் கூராக இருக்கும். இளையவர் தொடங்கியது அமெரிக்காவில். 1978இல் வட கரோலினா மாநிலத்தில் நச்சு எண்ணெயைச் சாலையோரமாக இரவோடிரவாக ஊற்றிவிட்டுப் போனார்கள். பிசிபி என்னும் இரசாயனம் கலந்த அந்த மண்ணைத் தோண்டியெடுத்துப் புதைக்க, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, ஏழ்மையான வாரன் மாவட்டத்தை அரசு தேர்ந்தெடுத்தது. 1982இல் லோரிகளின் முன்னால் மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். புதைகுழி அமைக்கும் வேலை நிற்கவில்லை, ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற இயக்கத்துக்கு அதுதான் பெயர் பெற்ற தொடக்கம்.

அதற்கும் முன்பு, 1979இல், ஹூஸ்டன் நகரில் தங்கள் குடியிருப்புக்கு அருகே குப்பை நிலம் வருவதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட். அவருக்காக நகரத்தின் குப்பைக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் குறித்தவர் அவருடைய கணவரான சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட். நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ கால் பங்கு. ஆனால் நகராட்சியின் ஐந்து குப்பை நிலங்களும், எட்டு எரியுலைகளில் ஆறும் அவர்கள் வாழும் பகுதிகளில்தான் இருந்தன. கணினி வரைபடம் இல்லாத காலத்தில், ஆவணங்களைப் புரட்டி ஊரெல்லாம் அலைந்து செய்த வேலை இது. வழக்கு தோற்றது. தோற்ற வழக்கின் வரைபடம் ஒரு கல்வித்துறைக்கே முன்மாதிரியாக நின்றது என்பதை இளையவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக் கடந்தார். இந்தப் பகுதியை இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் தமிழில் சொல்லிக் கேட்டதில்லை.

வகுப்பின் உண்மையான பலம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. எந்த அளவில் வெட்டிப் பார்க்கிறோமோ அந்த அளவுக்குத்தான் அநியாயம் கண்ணுக்குத் தெரியும் என்பதை இவர்கள் சொல்லிக்காட்டுவதோடு நிற்காமல் செய்துகாட்டுகிறார்கள். 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபை வெளியிட்ட ஆய்வு, அபாயக் கழிவு நிலையங்கள் இருக்கும் இடங்களை அஞ்சல் குறியீட்டு எல்லைகளோடு ஒப்பிட்டு, அவை அமையும் இடத்தை வருமானத்தைவிட இனமே கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது. 1994இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே கேள்வியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரங்களை வைத்துக் கேட்டு, அப்படி ஒரு வேறுபாடு இல்லை என்றார்கள். பிறகு வந்தவர்கள் எல்லைக்கோடுகளையே ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு நிலையத்தையும் மையமாகக் கொண்டு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் வாழ்பவர்கள் யார் என்று எண்ணினார்கள். 2007இல் வெளிவந்த அந்தக் கணக்கில், மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாழ்பவர்களில் 56 விழுக்காட்டினர் வெள்ளையர் அல்லாதவர்கள். வட்டத்துக்கு வெளியே அது 30 விழுக்காடு. நாடு ஒன்றுதான், கேடும் ஒன்றுதான். கத்தரிக்கோலைப் பிடித்த விதத்தில் முடிவு மாறியது.

இதைக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. கையால் செய்யும்போதுதான் உறைக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவையும் க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளையும் வைத்து, எங்கள் வட்டாரத்தை முதலில் மாவட்ட அளவில் நிறமிடச் சொன்னார்கள். புக்கிட் தாகார் குப்பை நிலம் உலு சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எங்கள் ஊர் கோலா சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தை அலகாக வைத்தால், அந்தக் குப்பை நிலத்துக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று திரை சொல்கிறது. தூரத்தில் இருக்கும் உலு சிலாங்கூரின் தலைநகரான கோலா குபு பாருவுக்குத்தான் அது சொந்தமாகத் தெரிகிறது. மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிம் அளவுக்கு இறங்கினால் படம் கொஞ்சம் மாறுகிறது. குப்பை நிலத்தைச் சுற்றி ஒன்று, மூன்று, ஐந்து, பத்து கிலோமீட்டர் வட்டங்களைப் போட்டவுடன் எல்லைக்கோட்டைத் தாண்டி வட்டம் எங்கள் பக்கம் வழிகிறது. மாவட்ட மன்றத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்: எல்லையோரத்தில் வாழ்பவனின் புகார் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் விழுந்துவிடும். பாடநூல்களில் ‘அலகு மாறும் சிக்கல்’ என்று ஒரு பத்தியில் முடித்துவிடும் விஷயத்தை, ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டு, தாமே கண்டுபிடித்தது போல உணர வைத்தார்கள். நான் வகுப்பில் இருபது நிமிடத்தில் முடித்த பாடம் அது.

வட்டத்துக்குள் ஆள் எண்ணும் கட்டம் வந்தபோதுதான் வகுப்பு வேறு தளத்துக்குப் போனது. திரையில் ஊரைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பச்சை. செம்பனை என்று குறித்திருக்கும் அந்தப் பச்சைக்குள் வீடே இல்லை என்று கணினி எண்ணிக் காட்டியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த, தோட்டத்தில் பால் வெட்டியும் மருந்தடித்தும் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “தம்பி, இந்த எடத்துல நாலு லயம் இருந்துச்சு. எங்க வீடு ரெண்டாவது லயம். படத்துல வெறும் காடா போட்டிருக்கீங்களே,” என்றார். இளையவர் சற்றுத் தடுமாறி, லயத்து வரிசை வீடுகளை இடித்து நெடுநாளாகிவிட்டதால் தரவில் இருக்காது என்றார். அளவையாளர் எழுந்து வந்து ஒரு மெல்லிய தாளைத் திரையளவுக்கு அச்சிட்ட படத்தின் மேல் விரித்து, பென்சிலை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். “அம்மா, கோயில் இன்னும் அங்கேயேதான் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். மாரியம்மன் கோயில் இருந்தது, படத்திலும் ஒரு புள்ளியாக இருந்தது.

அந்தப் புள்ளிதான் ஆதாரப் புள்ளியாயிற்று. கோயிலின் வாசலிலிருந்து குழாயடிக்கு எத்தனை எட்டு, குழாயடியிலிருந்து முதல் லயத்துக்கு எவ்வளவு, குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எங்கே, தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீடு மேட்டில் எவ்வளவு உயரத்தில் என்று அளவையாளர் கேட்கக் கேட்க, அந்த அம்மாவும் பின்வரிசையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட வேறு இருவரும் சொல்லச் சொல்ல, தாளில் ஒரு குடியிருப்பு எழுந்தது. கடைசியாக அவர், ஆலைக் குட்டையிலிருந்து வரும் வாய்க்கால் எந்த வழியாகப் போகும் என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் இரண்டாவது லயத்தின் பின்புறத்தைக் காட்டினார்கள். துணி துவைக்கும் கல் அங்கேதான் கிடந்ததாம். மேட்டில் கிராணி வீடு, அதற்கும் மேலே துரை பங்களா, பள்ளத்தில் லயம். சமவுயரக் கோடுகளின் மேல் அந்தத் தாளை வைத்தபோது தோட்டத்தின் படிநிலையும் நிலத்தின் சரிவும் ஒன்றாகவே இறங்கி வந்தன. பணத்துக்கு மதிப்பு என்று ஏதேனும் உண்டென்றால் அந்த ஒரு மணி நேரம்தான். அது பாடத்திட்டத்தில் இல்லாத மணி நேரம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆலைக் குட்டை பற்றி அன்று சொல்லப்பட்ட விளக்கம் சுருக்கமானது, ஆனால் பயனுள்ளது. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால், அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வாயுவைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். இந்த உயிர்வாயுத் தேவை, சுத்திகரிக்காத ஆலைக்கழிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் வரை போகிறது. வீட்டுச் சாக்கடையைப் போல நூறு மடங்கு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் வந்த விதிகள், ஆலைகள் வெளியேற்றும் நீரில் இந்த அளவை 1978இல் 5,000 என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984இல் 100க்குக் கொண்டுவரச் சொல்லின. நம் நாட்டில் ஒரு தொழில்துறையை ஒழுங்குபடுத்தியதில் இது வெற்றிக்கதையாகவே சொல்லப்படுகிறது, சொல்வதில் நியாயமும் உண்டு. இரண்டாவது லயத்தின் பின்னால் துணி துவைத்தவர்கள் எந்த ஆண்டின் தண்ணீரில் துவைத்தார்கள் என்பதைத்தான் அந்தத் தாள் கேட்க வைக்கிறது.

இனி குறை. அமெரிக்க ஆய்வுகளில் ஒரு நீண்ட வழக்கு உண்டு: குப்பைக் கிடங்கு முதலில் வந்ததா, ஏழைகள் முதலில் வந்தார்களா? கிடங்கு வந்ததால் நிலத்தின் விலை சரிந்து, மலிவான வாடகையைத் தேடி ஏழைகள் பின்னால் குடியேறினார்கள் என்றால், கிடங்கை அங்கே வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா என்பது அந்த வாதத்தின் சாரம். அந்த நாட்டு வீட்டுச் சந்தைக்கு அது பொருத்தமான கேள்வியாக இருக்கலாம். வகுப்பில் இதை அப்படியே எடுத்து வைத்து, எங்கள் வட்டாரத்துக்கும் கால வரிசை போடச் சொன்னார்கள். தோட்டத்து ஆளிடம் ‘நீ முதலில் வந்தாயா, ஆலை முதலில் வந்ததா’ என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? அவர் வாடகை பார்த்து வீடு பிடித்தவர் அல்லர். கங்காணியோ நிர்வாகமோ கொண்டுவந்து இறக்கிய இடத்தில், நிர்வாகம் கட்டிக்கொடுத்த லயத்தில், வேலை இருக்கும்வரை இருந்தவர். வேலை போனால் வீடும் போகும். நிலத்தில் பெயர் கிடையாது. நிலம் கைமாறும்போது, செம்பனை வீடமைப்புத் திட்டமாகவோ குப்பை நிலமாகவோ மாறும்போது, ஒரே கையெழுத்தில் ஒரு பெரும்பரப்பு கிடைத்துவிடும். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. குப்பை நிலத்துக்குத் தோட்டம் ஏன் ஏற்ற இடமாகத் தெரிகிறது என்பதற்கு, மண்ணின் தன்மையையும் நகரத்திலிருந்து உள்ள தூரத்தையும் சொன்ன வகுப்பு, நில உடைமையின் இந்த வடிவத்தைச் சொல்லாமல் விட்டது பெரிய ஓட்டை.

இங்கே கேட்க வேண்டியது, யாரை யார் எங்கே வைத்தார்கள் என்பது. தோட்டத் தமிழருக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல இது. வகுப்பில் மிக நன்றாக நடத்தப்பட்ட புக்கிட் மேரா பாடமே இதற்குச் சான்று. ஈப்போவுக்கு அருகே, வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட் மணலைப் பதப்படுத்தி அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. மிச்சமாக வந்தது கதிரியக்கமுள்ள தோரியக் கழிவு. அந்தக் கழிவைப் பாப்பான் என்னும் சிற்றூரில் சேமிக்கும் திட்டத்தை எதிர்த்து 1984இல் மக்கள் திரண்டார்கள். 1985இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. மறு ஆண்டு ஆலை தானாகவே மூடப்பட்டது. இந்த வரிசையை வரைபடத்தோடு இணைத்து, கதிரியக்க அளவை எங்கே எடுத்தார்கள், எந்தப் புள்ளியின் அளவை நீதிமன்றம் ஏற்றது என்ற கேள்விகளை எழுப்பியது சிறப்பு. ஆனால் புக்கிட் மேரா ஒரு சீனப் புதுக்கிராமம் என்பது ஒரு வாக்கியத்தில் கடந்துபோனது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தின்போது, 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வேலிகட்டிய புதுக்கிராமங்களில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். தோட்ட லயங்களையும் அதே காலத்தில் ஒரே இடத்தில் திரட்டி வேலி போட்டார்கள். எங்கள் ஆற்றின் தலைமாட்டிலும் இதே கதை வேறு ஆட்களோடு நடந்திருக்கிறது: சிலாங்கூர் ஆற்றின் அணைக்காக, 2000களின் தொடக்கத்தில், பெர்தாக், கெராச்சி ஆகிய இடங்களின் தெமுவான் பூர்வகுடியினர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். மூன்று இனத்து மக்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் கேட்கக்கூடிய கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கோழியா முட்டையா என்று ஹூஸ்டனைச் சுற்றிக்கொண்டிருந்தது வீண் காலம்.

இதை இடைவேளையில் இளையவரிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்; கடைசி வகுப்பில் கால வரிசைப் பயிற்சியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய முடிவின்பேரில் நகர்ந்தது என்று குறிக்கச் சொன்னார். அடுத்த தொகுதியில் இது பாடத்திட்டத்திலேயே இடம்பெறுமா என்பதைப் பொறுத்துத்தான் என் மதிப்பெண் கூடும்.

களப்பயணம் ஏமாற்றம். வேனில் ஆற்றங்கரைக்குக் கூட்டிச்சென்று, நீரின் கலங்கலை ஒரு கண்ணாடிக் குழாயில் பார்க்க வைத்து, பழைய வெள்ளீயக் குட்டை ஒன்றின் கரையில் நிறுத்தி விளக்கம் சொல்லிவிட்டு, வெயில் ஏறிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கம்போங் குவாந்தான் ஆற்றோர மின்மினிகளுக்கும் ஆற்றின் மேற்பகுதியில் நடக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அங்கே போகவே இல்லை. வாடையை எப்படிப் பதிவு செய்வது என்பதைக் களத்தில் கற்றுத்தருவார்கள் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் குப்பை நிலத்தின் அருகில் வாழ்பவர்களின் முதல் புகார் வாடைதான், அதிகாரிகள் வரும் நாளில் காற்று வேறு பக்கம் அடிப்பதும் வழக்கம். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, எவ்வளவு கடுமை என்று குறிப்பேட்டில் எழுதிப் பழகினால், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தையும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தையும் பிரித்துக் காட்ட முடியும். குறிப்பேட்டின் மாதிரியைத் தாளில் கொடுத்தார்கள். நிரப்பிப் பார்க்க நேரம் தரவில்லை.

நீதிமன்றத்தையும் கணினியையும் பேசிய வகுப்பு, வேலைசெய்த உடம்பைப் பேசியது மிகக் குறைவு. தோட்டப் பெண்கள் பலர் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவித்து, 2006இல் அந்தத் தடையை விலக்கி, கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்தார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தது. இந்த வரலாறு வகுப்பில் ஒரு படவில்லை (ஸ்லைடு) அளவுக்கே வந்தது. வீட்டைச் சுற்றி வட்டம் போடும் முறை, கேடு வீட்டுக்கு வருவதாக எடுத்துக்கொள்கிறது. மருந்தடிப்பவர் கேடு இருக்கும் இடத்தை நோக்கி ஒவ்வொரு காலையும் நடந்து போகிறார். அவரை எந்த வட்டமும் பிடிக்காது. வேலைக்குப் போகும் வழியையும் வேலை செய்த பாத்திகளையும் நேரத்தோடு சேர்த்துக் குறிக்கும் முறை புவியியலில் இருக்கிறது, கடினமும் இல்லை. வகுப்பில் பாதிப்பேர் அந்த வேலையைச் செய்தவர்களாக இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை என்பது வருத்தம்.

ஒரு பாடத்தை மட்டும் விரிவாகப் பாராட்ட வேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியிலிருந்து வந்த மாசினால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் தடைபட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரத்தின் செய்திகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு செய்தியிலும் வரும் ஊர்ப்பெயரை வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். குறிகள் எல்லாம் பெட்டாலிங் ஜெயா, கிள்ளான், கோலாலம்பூர் பக்கம் குவிந்தன. ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயராக மட்டும் வந்தது. எளிய பயிற்சி, கத்தரிக்கோலும் பசையும் போதும், எந்தப் பள்ளியிலும் செய்யலாம். நான் ஓய்வு பெறுமுன் இது கிடைத்திருந்தால் ஆறாம் படிவத்தில் நிச்சயம் செய்திருப்பேன்.

வசதிகளைப் பற்றிச் சில சொற்கள். படிக்கட்டு செங்குத்தானது, முழங்கால் வலியுள்ள தோட்டத்து ஓய்வாளர்களுக்குப் பாதிக் கட்டணம் தந்துவிட்டு அவர்களை மாடி ஏற வைப்பது பொருந்தவில்லை. எதிரே இருக்கும் பொது மண்டபம் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. தாள்களின் தமிழ் நன்று. கலைச்சொற்களுக்கு மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பதால், அரசாங்க அலுவலகத்தில் பேசும்போது உதவும். மடிக்கணினிகள் பழையவை, இருவருக்கு ஒன்று; பெரிய படக்கோப்பைத் திறக்கும்போது அடிக்கடி உறைந்து நின்றன. பத்து மணிக்கு வரும் நாசி லெமாக் பொட்டலமும் தே தாரிக்கும் கட்டணத்தில் அடக்கம். சான்றிதழ் தருகிறார்கள், வேலைக்கு உதவும் சான்றிதழ் என்று எண்ணிச் சேர வேண்டாம்.

ஆறாம் படிவத்தின் எஸ்டிபிஎம் தேர்வில் புவியியல் எடுக்கும் மாணவர்கள், குடியிருப்புச் சங்கப் பொறுப்பாளர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கணினியையே தொட்டதில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. வகுப்பின் சிறந்த வரைபடம் பென்சிலால் போட்டது. அடுத்த தொகுதி ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் தொடங்குகிறது என்றும், மருந்தடிப்பு பற்றிய பாடத்தைத் தனி நாளாக்குவதைப் பற்றிப் பேசிவருகிறார்கள் என்றும் சொன்னார்கள். சேர்பவர்கள் வீட்டில் பழைய தோட்டத்துப் புகைப்படமோ, சம்பளச் சீட்டோ, லயத்து எண் எழுதிய கடித உறையோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அளவையாளர் அவற்றைக் கேட்பார்.